திரைப்பட விழாவுக்குப் போகிறோம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?



கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் 30ஆம் பதிப்பு 2025 டிசம்பர் 12 முதல் 19 வரை திருவனந்தபுரத்தில் நடந்தது. எட்டு நாள், இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள். கோவையிலிருந்து நாங்கள் ஏழு பேர் போவதாகத் திட்டம். ஒருவர் ஒரு நாளில் நான்கு படம் பார்க்கலாம். ஐந்து பார்த்தேன் என்று சொல்கிறவர் மதியம் சாப்பிட்டிருக்க மாட்டார். நான்கு நாளுக்கு மேல் யாராலும் வேலையை விட்டு வர முடியாது. ஆக ஆளுக்குப் பதினாறு படம். மற்றதெல்லாம் விட வேண்டியவை. எதை விடுவது என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம், சண்டையும் போட்டோம். அடுத்த டிசம்பரில் உங்களில் சிலராவது இப்படி ஒரு விழாவுக்குப் போக வேண்டும் என்பதால் அந்தச் சண்டையை இங்கே எழுதி வைக்கிறோம்.

எந்த விழாவுக்குப் போவது என்பதே முதல் கேள்வி. சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவும் டிசம்பரில்தான். மதுரையில் 'மறுபக்கம்' தோழர்கள் 1998 முதல் நடத்திவரும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாளையொட்டித் தொடங்குகிறது. அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, பெரிய கம்பெனிகளின் விளம்பரத் தட்டிகளும் கிடையாது. கையில் காசே இல்லாத தோழர்கள் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். திருவனந்தபுரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. இரவு ரயில் ஏறினால் விடியும்போது இறங்கலாம். மாணவர்களுக்கு 590 ரூபாய், மற்றவர்களுக்கு 1,180 ரூபாய். ஊர் முழுக்கத் திரையரங்குகள், நடந்தே போகலாம், தெருவோரக் கடையில் ஐம்பது அறுபது ரூபாயில் வயிறு நிறையும்.

ஏழு பேரில் நால்வர் மாணவர்கள். ஒருவர் வழக்கறிஞர். ஓர் அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். ஓர் அண்ணன் துப்புரவுப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்த அண்ணனுக்கு விழாவின் விலை 1,180 ரூபாய் இல்லை. வராத நாளுக்குக் கூலி கிடையாது, அடுத்தடுத்து மூன்று நாள் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார். எனவே இரண்டு நாள் மட்டும் வருகிறேன் என்றார். அந்த இரண்டு நாளை முதலில் நிரப்புவோம், மற்றவர்களின் நாட்களைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். குறைந்த நேரம் உள்ளவருக்குத்தான் நல்ல திட்டம் வேண்டும். நாள் கணக்கில் விடுப்பு உள்ளவர் ஒரு மோசமான படத்தில் மாட்டிக்கொண்டால் எழுந்து வந்து டீ குடிக்கலாம்.

உட்கார்ந்து பேசிய இடம் வெரைட்டி ஹால் சாலையை ஒட்டிய ஒரு மொட்டை மாடி. அந்தச் சாலையைப் பற்றி இரண்டு வார்த்தை. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பிறகு 1914இல் கோவையில் அவர் கட்டியதுதான் வெரைட்டி ஹால். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று. சாலைக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. பின்னாளில் சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ என்று கோவையிலேயே படம் எடுத்தார்கள். இதெல்லாம் நகரத்தின் பெருமைப் பட்டியலில் எப்போதும் வரும். அதே வெரைட்டி ஹால் சாலையில்தான் சி.எம்.சி. காலனி இருக்கிறது, மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடியிருப்பு. அது அந்தப் பெருமைப் பட்டியலில் வராது.

தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலையரங்கம் திரையரங்குதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். கூத்திலும் கச்சேரியிலும் நமக்கு இல்லாத இடம் டாக்கீஸில் கிடைத்தது. உட்காரும் இடத்தைக் காசு முடிவு செய்தது. எங்கள் பாட்டிகளைக் கேட்டால் கொஞ்சம் திருத்திச் சொல்வார்கள். தரை டிக்கெட்டிலும் எந்த மூலையில் உட்கார வேண்டும் என்று ஊர்க்காரர்களின் டென்ட் கொட்டகையில் பார்வையாலேயே சொல்லிவிடுவார்களாம். டவுனுக்கு வந்தால் அது இல்லை. அதனால்தான் நடந்தாவது டவுனுக்கு வந்து படம் பார்த்தார்கள். படம் பார்க்க ஊர் விட்டு ஊர் போவது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை.

சரி, பட்டியலுக்கு வருகிறோம்.

விழா வெளியிடும் படப் பட்டியலைப் படிக்க ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் நான்கு வரி. அந்த நான்கு வரியை எழுதுகிறவருக்கு யார் மனமும் புண்படக் கூடாது. ஆகவே இந்தியப் படம் என்றால் 'சாதி' என்ற சொல் அபூர்வமாகத்தான் வரும். 'மரபுக்கும் நவீனத்துக்கும் இடையிலான முரண்' என்று இருந்தால் பெரும்பாலும் யாரோ யாரையோ காதலித்திருக்கிறார்கள், யாரோ வெட்டப் போகிறார்கள். 'ஒரு கிராமத்தின் அமைதி குலைகிறது' என்றால் அந்த அமைதி யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'விளிம்புநிலை மக்களின் வாழ்வை நுட்பமாகப் பதிவு செய்கிறது' என்றால் இரண்டில் ஒன்று. உண்மையிலேயே நுட்பமாக இருக்கும், அல்லது மழையில் நனைந்த ஒரு கிழவியின் முகத்தை ஏழு நிமிடம் காட்டுவார்கள். இயக்குநர் முன்பு எடுத்த படம் எது, யார் தயாரித்தார்கள், நடித்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று தேடிப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். மாணவத் தோழர்கள் இதற்காக ஒரு நோட்டுப் போட்டார்கள். நாற்பது படத்துக்கு இப்படித் தேடி எழுதியதே ஒரு படிப்புதான்.

முதல் ஞாயிறு மாலை அந்த நோட்டை விரித்தோம். மாணவர்கள் குறித்து வைத்திருந்தவற்றில் பெரும்பாலானவை கொலை, வன்கொடுமை, நிலப்பறிப்பு, பட்டினி. நம்மைப் போன்றவர்களின் கதை உலகத்தில் எங்கெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்ற வேகம் அவர்களுக்கு. திருப்பூர் அக்கா நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டுக் கேட்டார்:

“ஏங் கண்ணு, ஆயிரத்து நூத்தியெம்பது ரூவா குடுத்து, ரயிலேறிப் போயி, நம்ம சாவையே மறுக்காப் பாக்கோணுமா?”

யாருக்கும் உடனே பதில் வரவில்லை.

அக்கா சும்மா கேட்கவில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டினார்கள். சங்கர் இறந்துபோனார். அந்தக் காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி எல்லார் செல்பேசிக்கும் வந்தது. எங்களில் மிக இளைய தோழருக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவின் போனில் பார்த்தாராம். அதற்கு முந்தைய ஆண்டு, 2015 ஜூனில் கோகுல்ராஜ். திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து அவர் அழைத்துச் செல்லப்பட்டதைக் காட்டியதும் கோயில் கேமராதான். 2022இல் மதுரை நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தபோது அந்தப் பதிவு முக்கியமான சான்றாக இருந்தது.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். தொண்ணூறுகளில் தமிழ் சினிமாவின் கேமரா பொள்ளாச்சிப் பக்கம்தான் குடியிருந்தது. 'சின்ன கவுண்டர்' 1992, 'எஜமான்' 1993, 'நாட்டாமை' 1994. தென்னந்தோப்பு, வாய்க்கால், வெள்ளை வேட்டி, ஆலமரத்தடியில் தீர்ப்பு. அந்தத் தோப்பில் காய் பறிக்கிறவர், அந்த வாய்க்காலைத் தூர் வாருகிறவர், அந்தத் தீர்ப்பை எட்ட நின்று கேட்கிறவர் எல்லாம் சட்டகத்தின் ஓரத்தில் கைகட்டி நின்றார்கள். கொங்கு நாட்டில் சாதி என்ன செய்கிறது என்பதைக் காட்டிய கேமரா கடைசியில் எந்த ஒளிப்பதிவாளரின் கையிலும் இருக்கவில்லை. பேருந்து நிலையக் கடையிலும் கோயில் மண்டபத்திலும் திருடனைப் பிடிக்க மாட்டிவைத்தது அது.

ஆகவே அக்காவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வன்முறை எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் திரையில் காட்ட வேண்டியதில்லை. விழா அரங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதிர்ச்சியில் உறைந்து, வெளியே வந்து, 'என்ன படம்!' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போவார். அவருக்கு அது கிடைக்காத அனுபவம். எங்களுக்கு அது வீட்டில் இருக்கிறது.

வக்கீல் அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கையில் வைத்திருந்த படம் 'சந்தோஷ்'. சந்தியா சூரி இயக்கியது. கணவன் இறந்த பிறகு கருணை அடிப்படையில் காவலர் வேலைக்கு வரும் ஒரு பெண், ஒரு தலித் சிறுமியின் கொலையை விசாரிக்கும் குழுவில் சேர்கிறாள். சிறுமியின் உடல் கிடைப்பது கிணற்றில். 2024இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. பிரிட்டன் அதைத் தன் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பியது. இந்தியாவில் அதை வெளியிட முடியவில்லை. தணிக்கை வாரியம் 2025இல் கேட்ட வெட்டுகள் அவ்வளவு. அக்டோபரில் ஓடிடியில் வருவதாக அறிவித்து அதையும் நிறுத்தினார்கள். “இது நம்ம சாவைப் பற்றின படம் இல்லைங்க அக்கா. நம்ம சாவை விசாரிக்கிறவங்களைப் பற்றின படம்” என்றார் அண்ணன்.

அது ஒரு பெரிய வித்தியாசம்தான். கோகுல்ராஜ் வழக்கை விசாரித்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா 2015 செப்டம்பரில் தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார். அவரும் தலித் பெண். அந்தச் செய்தி வந்த வாரம் இந்த மாவட்டங்களில் எத்தனை வீட்டில் உலை கொதிக்கவில்லை என்று வெளியூர்த் தோழர்களுக்குச் சொன்னால் புரியாது. காக்கி உடுப்புக்குள் போகும் பெண்ணுக்கு அந்த உடுப்பு என்ன செய்கிறது என்று ஒரு படம் கேட்குமானால் அதை நாம் பார்க்காமல் யார் பார்ப்பது? அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப இது ஒண்ணு. ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாமுங்” என்றார்.

அதுவே விதியாகிவிட்டது. வன்கொடுமை பற்றிய படம் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. அதுவும் காலை முதல் காட்சியிலோ இரவு கடைசிக் காட்சியிலோ வேண்டாம். நடுவில் பார்த்துவிட்டு வெளியே வந்து பேச நேரம் விட வேண்டும். பார்த்துவிட்டு நேராகப் படுக்கப் போகிறவர் மறுநாள் வர மாட்டார். முந்தைய ஆண்டுகளில் இது நடந்திருக்கிறது.

இரண்டாவது விதி மாணவர்கள் கொண்டுவந்தது: திரும்பக் கிடைக்காததை முதலில் பார். நீரஜ் கெய்வான் எடுத்த 'ஹோம்பவுண்ட்' நல்ல படம். ஒரு தலித் இளைஞனும் ஒரு முஸ்லிம் இளைஞனும் காவலர் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள், பிறகு ஊரடங்கு வருகிறது. தான் தலித் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு இந்தி சினிமாவில் நிற்கும் இயக்குநர் அவர். ஆனால் அது செப்டம்பரிலேயே திரையரங்கில் வந்துவிட்டது, நெட்ஃபிளிக்ஸிலும் இருக்கிறது. எங்கே காட்டினாலும் அதற்காக ரயில் ஏற வேண்டியதில்லை. எங்கள் நோட்டில் இருந்த நாற்பதில் பதினோரு படம் இந்தக் கேள்வியிலேயே கழிந்தது. 'சந்தோஷ்' இதே கேள்வியால் மேலே ஏறியது. எந்தப் படத்தை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாமல் செய்திருக்கிறார்கள் என்று கேட்டாலே பல நேரம் விடை கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது விதிக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆளுக்கு ஒரு படம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஒரு மாணவி ஒரு காதல் படத்தைக் குறித்தார். நாயகனும் நாயகியும் ஏதோ தீவில் சந்திக்கிறார்கள், அவ்வளவுதான் விவரம். 'தீவில் யாரும் வெட்ட வர மாட்டார்கள்' என்று ஒருவர் கிண்டல் செய்ய, அவர் முறைத்தார். இயக்கத்தில் இருப்பவர்கள் எப்போதும் இயக்கப் படம்தான் பார்க்க வேண்டும் என்று ஓர் எழுதாத சட்டம் நம்மிடையே இருக்கிறது. மற்றவர்கள் காதலை ரசித்துவிட்டு வந்து உலக சினிமா பேசுவார்கள். நாம் மட்டும் காயத்தைப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை எழுத வேண்டுமா? இந்தச் சட்டத்தை நாங்கள் ஏற்கவில்லை. 2024 விழாவில் கூட்டம் அலைமோதிய படம் 'ஃபெமினிச்சி பாத்திமா', பொன்னானியில் ஒரு முஸ்லிம் குடும்பப் பெண்ணும் ஒரு மெத்தையும். ஒரு மெத்தைக்காக ஒருத்தி நடத்தும் போரைப் பார்த்து அரங்கமே சிரித்தது. சிரிக்கச் சிரிக்க அடுத்தவன் வீட்டு அதிகாரத்தைப் பிரித்துப்போட முடியும் என்று அதைப் பார்த்த பிறகு நாங்கள் நிறையப் பேசினோம்.

இனி யாரும் எழுதாத ஒரு சிக்கல். எல்லாப் படத்துக்கும் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். கல்லூரி மாணவர்களுக்கே வேகமாக ஓடினால் கஷ்டம். துப்புரவு வேலை பார்க்கும் அண்ணன் ஐந்தாவது வரை படித்தவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொல்லலாம் என்று ஒரு தம்பி சொன்னார். அண்ணன் மறுத்துவிட்டார். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து உஷ் என்பார், அந்தப் பார்வை தனக்குப் பழக்கமானது, காசு கொடுத்து அதை வாங்க வேண்டாம் என்றார். எனவே அவருடைய இரண்டு நாளுக்குப் பேச்சுக் குறைந்த படங்களாகத் தேடினோம்.

இந்தத் தேடலில்தான் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' மேலே வந்தது. ஐசன்ஸ்டைன் 1925இல் எடுத்த மௌனப் படம், அதற்கு இப்போது நூறு வயது. கப்பல் தொழிலாளிகளுக்குச் சமைக்க வைத்திருக்கும் இறைச்சியில் புழு நெளிகிறது. கப்பல் மருத்துவர் மூக்குக் கண்ணாடியை மடக்கி வைத்துப் பார்த்துவிட்டு இது நல்ல இறைச்சி என்கிறார். கலகம் அங்கே தொடங்குகிறது. கதையை வக்கீல் அண்ணன் சொல்லி முடிக்கும் முன்பே துப்புரவு அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. பேச்சு அங்கிருந்து 2018க்குப் போனது. அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் நின்றார்களே, அதை யாராவது படமாக எடுத்தால் எங்கிருந்து தொடங்குவார்கள்? அடுப்பிலிருந்தா, பள்ளி வாசலிலிருந்தா? அரை மணி நேரம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்துர்ரஹ்மான் சிசாகோவின் 'பமாகோ'வையும் (2006) அண்ணனுக்காகவே சேர்த்தோம், அதில் பேச்சு அதிகம் என்றாலும். மாலி நாட்டில் ஒரு வீட்டு முற்றத்தில் நீதிமன்றம் கூடுகிறது. உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் குற்றவாளிக் கூண்டில். வாதம் நடக்கும்போதே அதே முற்றத்தில் பெண்கள் துணிக்குச் சாயம் தோய்க்கிறார்கள், குழந்தை தவழ்கிறது, யாரோ தண்ணீர் எடுக்கிறார்கள். சாயம் என்றதும் திருப்பூர் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். நொய்யலுக்குப் பக்கத்தில் இருப்பவருக்குச் சாயத் தண்ணீரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அந்தப் படத்தில் ஒரு முதிய விவசாயி சாட்சி சொல்ல வருகிறார். பேசாமல் பாடுகிறார், கதறிப் பாடுகிறார். அதற்கு மட்டும் கீழே எழுத்து வராது, இயக்குநர் வேண்டுமென்றே மொழிபெயர்க்காமல் விட்டிருக்கிறார். அந்த நிமிடங்களில் ஆங்கிலம் படித்தவரும் படிக்காதவரும் அரங்கில் ஒரே நிலையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பே மடிக்கணினியில் பார்த்திருந்த மாணவர் இதைச் சொன்னபோது அண்ணன், “அப்ப அதுக்கு நான் வரேன், அந்தப் பாட்டு எனக்குப் புரியும்” என்றார்.

திருவனந்தபுரத்தைப் பற்றி இன்னொன்று. அந்த ஊரில் ஒரு மணி நேரமாவது படம் பார்க்காமல் நடக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதினோம். மலையாளத்தின் முதல் கதைப்படம் 'விகதகுமாரன்', ஜே.சி. டேனியல் எடுத்தது. வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் சொல்கிறார்கள். அதன் நாயகி பி.கே. ரோசி, புலையர் சமூகப் பெண். அவர் படத்தில் ஏற்றது நாயர் பெண் வேடம். அது போதும் அவர்களுக்கு. திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் படம் ஓடியபோது திரையின் மீது கல் எறிந்தார்கள், திரை கிழிந்தது. ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் இரவோடு இரவாக லாரி ஏறித் தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்தார். நாகர்கோவிலில் வேறு பெயரில், தான் நடிகை என்று சொல்லிக்கொள்ளாமல் வாழ்ந்து மறைந்தார். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. இன்று கேரள அரசு சினிமாவுக்குக் கொடுக்கும் உயரிய விருது டேனியல் பெயரில் இருக்கிறது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ரோசியின் பெயரில் ஏப்ரல் மாதத்தில் திரைப்பட விழா நடத்துகிறது. இரண்டு பெயரும் இரண்டு மாநிலத்தில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். முதல் தலித் நாயகியைத் துரத்திய ஊரில் உலகப் படங்களைப் பார்க்கப் போகும் தலித் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டு போனால் வரிசையில் நிற்கும்போது முதுகு கொஞ்சம் நேராக இருக்கும்.

இப்படியெல்லாம் திட்டம் போட்டு, இரண்டு அணியாகப் பிரிந்தோம். அண்ணனும் இரண்டு மாணவர்களும் வக்கீல் அண்ணனும் முதல் அணி, தொடக்க நாளிலேயே போனார்கள். அக்காவும் மற்ற இரண்டு மாணவர்களும் 16ஆம் தேதி சேர்வதாக ஏற்பாடு. தொடக்கப் படம் அன்னமேரி ஜாசிரின் 'பாலஸ்தீனம் 36'. 1936இல் ஆங்கிலேயருக்கு எதிராகப் பாலஸ்தீன விவசாயிகள் கிளர்ந்தெழுந்த கதை. நிலம் கைமாறும் கதை எதுவானாலும் எங்கள் ஆட்கள் பஞ்சமி நிலத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள், அன்றும் அப்படித்தான் பேசினார்கள்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. 19 படங்களுக்கு ஒன்றிய அரசு தணிக்கை விலக்கு அனுமதி தரவில்லை. பட்டியலைப் பார்த்தோம். 'பாலஸ்தீனம் 36' இருந்தது, ஏற்கெனவே காட்டி முடித்த தொடக்கப் படம். 'சந்தோஷ்' இருந்தது. 'பமாகோ' இருந்தது. நூறு வயதான 'பொட்டெம்கின்' இருந்தது. சிசாகோவுக்கு விழாவில் வாழ்நாள் சாதனையாளர் விருது, அவர் படத்துக்கு அனுமதி இல்லை. 'பீஃப்' என்று ஒரு ஸ்பானியப் படமும் இருந்தது. அது ராப் பாடுகிறவர்களைப் பற்றியது. தலைப்பைத் தவிர அதில் மாடே இல்லை என்று விழாவில் எல்லோரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பீஃப் வாங்கப் போனால் எந்தத் தெரு வழியாகப் பையை மறைத்துக்கொண்டு வர வேண்டும் என்று கணக்குப் போட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தச் சிரிப்பு முழுசாக வரவில்லை.

நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். நாங்கள் இரண்டு ஞாயிறு சண்டை போட்டுக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்று அடிக்கோடு இட்டவற்றில் மூன்று படம் அந்தப் பட்டியலில். எங்களுக்குத் தெரியாத யாரோ தில்லியில் உட்கார்ந்து எங்கள் நோட்டையே தலைகீழாகப் படித்ததைப் போல இருந்தது. எல்லாப் படத்தையும் காட்டுவோம் என்று கேரள அரசு அறிவித்தது. சிலவற்றுக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. கடைசியில் ஆறு படங்கள் திரையிடப்படவில்லை.

இந்த இழுபறி நடந்துகொண்டிருந்தபோதுதான் இரண்டாம் அணி ரயில் ஏற வேண்டும். போவதா, பணத்தை மிச்சம் பிடிப்பதா என்று ஒரு மாணவர் கேட்டார். அக்கா ஏற்கெனவே சப்பாத்தி போட்டுக் கட்டிவிட்டார். போனார்கள். என்ன பார்த்தார்கள், எதை அடித்துவிட்டு எதைச் சேர்த்தார்கள் என்பதை அவர்களே தனியாக எழுதுவார்கள். தீவுக் காதல் படத்தைப் பற்றியும் எழுதச் சொல்லியிருக்கிறோம்.

அடுத்த ஆண்டுக்குச் சில நடைமுறைச் செய்திகள். பதிவு தொடங்கும் நாளிலேயே பதியுங்கள், மாணவர் அடையாள அட்டையின் படம் தயாராக இருக்கட்டும். இருக்கை முன்பதிவு முந்தைய நாளே செயலியில் திறக்கும், நல்ல படங்கள் சில நிமிடத்தில் நிரம்பிவிடும். நான்கு பேர் நான்கு போனில் உட்காருங்கள். முன்பதிவு கிடைக்காவிட்டாலும் வரிசையில் நில்லுங்கள், பாதி நேரம் உள்ளே விடுவார்கள். வரிசையில் அறிமுகமாகிறவர்கள் உங்கள் பெயரைக் கேட்பார்கள், பிறகு அப்பா பெயரை, பிறகு ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வது என்று முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாணவர் ஒருவர் 'திரையரங்குக்கு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம்' என்று சொல்லப் பழகிவிட்டார்.

விழாவுக்குப் போக முடியாதவர்களே நம்மில் அதிகம். அதனால் வெரைட்டி ஹால் சாலைப் பக்கத்தில் மாதம் ஒரு படம் காட்டலாம் என்று பேசியிருக்கிறோம். ஆவணப்படங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பது மாணவர்களின் விருப்பம். ஆர்.பி. அமுதன் 2003இல் எடுத்த 'பீ', திவ்யபாரதி 2017இல் எடுத்த 'கக்கூஸ்'. 'கக்கூஸ்' வந்த ஆண்டு பல ஊர்களில் காவல்துறை அதைத் திரையிட விடவில்லை, பிறகு யூடியூப்பில் ஏற்றினார்கள். மலம் அள்ளுகிறவர்களின் பிள்ளைகள் மலம் அள்ளுவதைப் பற்றிய படத்தைத் தங்கள் தெருவிலேயே பார்ப்பது பற்றி அண்ணனிடம் கேட்டோம். பார்க்கலாம், ஆனால் முதல் படமாக வேண்டாம், பிள்ளைகள் எழுந்து ஓடிவிடும் என்றார். முதலில் சிரிக்கிற மாதிரி ஒன்று போடுங்கள், பெரியவர்களும் வந்து உட்காரட்டும், மூன்றாவது மாதம் 'கக்கூஸ்' போடலாம், அன்றைக்கு நானே பேசுகிறேன் என்றார். ப்ரொஜெக்டருக்கு ஒரு தோழரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். திரைக்கு இரண்டு வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தைத்தால் போதும் என்று அக்கா சொல்லியிருக்கிறார், தையல் மிஷின் அவர் வீட்டிலேயே இருக்கிறது. தமிழில் எழுத்து ஓடும் நல்ல சிரிப்புப் படம் ஏதாவது உங்களிடம் இருந்தால் பொங்கலுக்குள் சொல்லுங்கள்.